ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுற டாக்டர்களுக்கு: "கட்டி இல்லை"ன்னு மட்டும் எழுதி அனுப்பிடாதீங்க

மதிப்பிற்குரிய ரேடியாலஜி டாக்டர்களுக்கு வணக்கம்.

இன்ஃப்ளமேட்டரி பிரெஸ்ட் கேன்சர், அதாவது மார்பு சிவந்து வீங்குற வகை கேன்சர் பத்தி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரல. மார்பகப் புற்றுநோய்ல 1லேர்ந்து 5 சதவீதம்தான் இந்த வகை, பல பேருக்குக் கட்டியே தெரியாதுன்னு எங்களைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஏன் இப்படி நடக்குதுங்கறதுதான் என் கேள்வி.

எங்க அக்காவுக்கு ஒரு பக்க மார்பு சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆயிடுச்சு. கடைசிப் பையன் ஆறாங்கிளாஸ் படிக்கிறான், அவளுக்குப் போயி "பால் கட்டியிருக்கும்மா"ன்னு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, குறையலன்னதும் வேற ஆன்டிபயாட்டிக், அதுக்கப்புறம்தான் மேமோகிராம்ங்கற மார்பக எக்ஸ்ரே. வீங்கிக் கொதிக்கிற மார்பை மிஷின்ல வெச்சு அழுத்துனப்ப அவ போட்ட சத்தம் வெளிய உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு. அவ்வளவு வலியைத் தாங்கி எடுத்த படம் டாக்டர். ரிப்போர்ட்டுக்குள்ள எல்லாமே இருக்கு: 2 மில்லிமீட்டர் கிட்ட இருக்க வேண்டிய தோல் 5 மில்லிமீட்டர், அந்தப் பக்கம் முழுக்க அடர்த்தி அதிகம், அக்குள்ல நெறி கட்டியிருக்கு. கீழ இம்ப்ரெஷன்ல, அதாவது முடிவு எழுதுற இடத்துல மட்டும் "கட்டி இல்லை, கால்சிஃபிகேஷன் (சுண்ணாம்புத் துகள்) இல்லை". அனுப்புன டாக்டர் அந்தக் கடைசி வரியைத்தான் படிச்சார், பயப்பட ஒண்ணுமில்லம்மான்னு மறுபடியும் மாத்திரை எழுதினார்.

வேற ஆஸ்பத்திரியில எம்.ஆர்.ஐ. எடுத்து, தோல்லேர்ந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிற பஞ்ச் பயாப்ஸி பண்ணப்பதான் தோலோட நிணநீர்க் குழாய்லயே கேன்சர் செல் அடைச்சிருந்தது தெரிஞ்சுது. இந்த வகையைக் கண்டுபிடிக்கும்போதே குறைஞ்சது மூணாவது ஸ்டேஜ், இதுல ஒவ்வொரு வாரமும் எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியாதா?

கேக்குறது ஒண்ணுதான். தோல் தடிப்பையும் நெறியையும் பாத்தீங்கன்னா அதை இம்ப்ரெஷன்ல எழுதுங்க, கூடவே "பயாப்ஸி தேவை"ன்னும் எழுதுங்க.

அக்டோபர் வந்தா ஊரெல்லாம் பிங்க் ரிப்பன் கட்டி கேம்ப் போடுறாங்க, அங்கயும் கட்டி இருக்கான்னு தடவிப் பாருங்கன்னுதான் சொல்லிக் கொடுக்குறாங்க, சிவந்து வீங்குறதும் கேன்சரா இருக்கலாம்னு நான் போன எந்தக் கேம்ப்லயும் யாரும் சொல்லல. காசு கட்டி வாங்குற ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், கேட்டா உங்க டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அனுப்பிடுறாங்க, எங்க அக்கா மாதிரி ஆளுங்க யாருகிட்டதான் போய்க் கேக்குறது?

கோவத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. ஒரு நாளைக்கு எத்தனை படம் பாக்குறீங்கன்னு புரியுது. ஆனாலும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஒரு வாரம் பத்து நாள்ல குறையாத சிவப்போட ஒருத்தி வந்தா, படத்துல கட்டி தெரியலன்னாலும் "பயாப்ஸி தேவை"ன்னு அந்தக் கடைசி வரியில தயவுசெஞ்சு எழுதுங்க டாக்டர். அனுப்புன டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டும் சொல்லிட்டீங்கன்னா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியோட தங்கச்சி