வெள்ளிக்கிழமைகளில் என் பெயர் ரக்ஷா

ஹாரோ, லண்டன்
ஜூலை 6, 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் வீடியோ காலில் நான் முகாம் கதையைச் சொல்லச் சொல்ல, நீங்கள் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் "பையன் முகாமுக்குப் போய்ட்டு வந்தானா, சந்தோஷம்" என்றீர்கள். போனது பையன் மட்டும் இல்லை சித்தப்பா, நானும்தான். சும்மா துணைக்கும் இல்லை. சீருடை போட்டு, ஸ்கார்ஃப் கட்டி, குருளையர் என்னும் சின்னப் பிள்ளைகளின் சாரணர் பிரிவுக்குத் தலைவிகளில் ஒருத்தியாக. வாழ்நாள் முழுக்கச் சாரண ஆசிரியராக இருந்த மனிதரிடம் இதை அரைகுறையாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இதற்குள் நான் வந்தது பெரிய சேவை மனப்பான்மையால் எல்லாம் இல்லை. பையனை இங்குள்ள சாரணர் குழுவில் சேர்க்கப் போனோம். காத்திருப்புப் பட்டியல் நீண்டு கிடந்தது. "பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நீங்கள் யாராவது ஒருவர் வந்தால் பையனைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளலாம்" என்றார்கள். இங்கே எல்லா ஊரிலும் இதே கதைதானாம். இவருக்கு இரவு ஷிஃப்ட். சரி, நான் வருகிறேன் என்றேன். முதலில் நாற்காலி அடுக்கவும் ஜூஸ் ஊற்றவும்தான் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் விண்ணப்பப் படிவம் ஒன்றை நீட்டினார்கள்.

நம் ஊரைப் போலவே இங்கும் வயது வாரியாகப் பிரிவு உண்டு. 6 முதல் 8 வயது வரை பீவர். 8 முதல் பத்தரை வரை கப்ஸ், அதாவது நம் குருளையர். பத்தரை முதல் 14 வரை சாரணர். அதற்கு மேல் 18 வரை எக்ஸ்ப்ளோரர். 2021இல் 4 வயதுக் குழந்தைகளுக்கும் 'அணில்' என்று ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் சாரணர் வேறு, சாரணியர் வேறு. இங்கே எல்லாப் பிரிவிலும் பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று 1991இல் அனுமதித்தார்கள். 2007 முதல் சேர்த்தே ஆக வேண்டும். அதனால் சின்னவள் பையன்களோடுதான் பீவரில் இருக்கிறாள், அவர்களை அதட்டிக்கொண்டு.

பெயர் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். குருளையர் தலைவர்களைக் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' காட்டுக் கதைப் பெயர்களால்தான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். தலைமை அகேலா ஓர் இல்லத்தரசி, ஐந்தடி உயரம், குரல் மட்டும் ஏழடி. பகீரா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். என்னை ரக்ஷா ஆக்கிவிட்டார்கள், ஓநாய்த் தாய். கடைத்தெருவில் ஒரு பொடியன் "ரக்ஷா!" என்று கத்த, நான் திரும்பிப் பார்க்க, பக்கத்தில் இருந்த வடநாட்டுக்காரர் என்னைத் தன் ஊர்க்காரி என்று நினைத்துக்கொண்டு இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் கதை நடக்கும் சியோனி மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது, என் சித்தப்பா பயிற்சிக்குப் போன பச்மரியும் அதே மாநிலம்தான் என்று பிள்ளைகளிடம் வரைபடத்தில் காட்டினேன். "அங்கே நிஜமாகவே புலி உண்டா?" என்பதோடு அவர்கள் புவியியல் முடிந்துவிட்டது.

உறுதிமொழி எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடவுளுக்கும் மன்னருக்கும் என் கடமையைச் செய்வேன் என்பதுதான் இங்கே வழக்கமான வாசகம். ராணி இறந்த 2022 செப்டம்பர் வரை அது 'ராணிக்கு' என்று இருந்தது. நான் இந்நாட்டுக் குடிமகள் இல்லை, என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 'நான் இப்போது வாழும் நாட்டுக்கு' என்று மாற்றிச் சொல்லலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 2014 முதல் தனி வாசகம் இருக்கிறது. ஆகவே மன்னர் பெயரில் நான் சத்தியம் பண்ணிவிட்டேன் என்று ஊரில் கிளப்பிவிடாதீர்கள். முடிந்ததும் மாவட்டத்திலிருந்து வந்தவர் சாரணர் வழக்கப்படி கைகுலுக்க இடது கையை நீட்டினார். நானும் இடது கையை நீட்டினேன். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே நீங்கள் சொல்லிக்கொடுத்தது. என்னோடு உறுதிமொழி எடுத்த குஜராத்திப் பெண்தான் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி நீங்கள் சிரிக்கப்போகும் பகுதி. காகிதம்! நீங்கள் தலைமையாசிரியரிடம் ஒரு கையெழுத்து வாங்கி, அரிசி மூட்டையை ஏற்றி, பையன்களை லாரியில் உட்காரவைத்துத் திருச்சிக்கு அழைத்துப் போனவர். இங்கே நான் குழந்தைகள் பக்கத்தில் நிற்பதற்கே முதலில் என் பெயரில் குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று அரசுப் பதிவேட்டில் பார்த்தார்கள். அப்புறம் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, விபத்துத் தடுப்புப் பயிற்சி, முதலுதவி. சில வருஷத்துக்கு ஒருமுறை இதையெல்லாம் புதுப்பிக்கவும் வேண்டும். பாக்கெட்டில் ஒரு மஞ்சள் அட்டை, அதில் செய்ய வேண்டியதும் கூடாததும். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்பது முதல் பாடம். வெளியே கூட்டிப் போனால் எட்டுக் குருளையருக்கு ஒரு பெரியவர், பொறுப்பாளர் அதற்கு மேல். இரவு தங்கினால் அதற்கு உரிமம் பெற்ற தலைவர் இருந்தாக வேண்டும், ஏழு நாள் முன்னதாகவே தகவலும் சொல்லிவிட வேண்டும். எந்த விளையாட்டானாலும் என்ன ஆபத்து வரலாம், அதற்கு என்ன செய்திருக்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். பந்து எறியும் விளையாட்டுக்குக்கூட அகேலா ஒரு தாள் வைத்திருக்கிறாள்.

எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தைகளை நம்பி விட்ட இடங்களில் பெரியவர்கள் செய்த அக்கிரமங்கள் இந்த நாடுகளில் எத்தனையோ வெளியே வந்தன. பல வருஷம் யாரும் அந்தப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கெடுபிடி இது. நம் ஊரில் அக்கிரமம் இல்லாமல் இல்லை, எழுதிவைப்பதுதான் இல்லை. இதைப் பற்றி நீங்கள் என்னோடு சண்டை போடலாம், நான் ரெடி.

எனக்கு ஆச்சரியம் எங்கே என்றால், இத்தனை காகிதத்தையும் எழுதி முடித்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளை கையில் கத்தியும் நெருப்பும் கொடுத்துவிடுகிறார்கள். கத்தி என்றால் உடனே கத்தி இல்லை. முதலில் உருளைக்கிழங்குத் தோல் சீவும் பீலர். பச்சைக் குச்சியை எடுத்து, உட்கார்ந்து, உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. யாராவது வந்தால் சீவுவதை நிறுத்திவிட வேண்டும். இதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள். நான் குறுக்கே நடந்து போனபோது ஒரு வாண்டு பீலரைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் தாண்டிப் போகும்வரை என்னையே பார்த்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

நெருப்பு அதைவிடச் சுவாரசியம். இங்கே நிறைய வீடுகளில் மின்சார அடுப்புதான், பிள்ளைகள் தீக்குச்சியைக் கையால் தொட்டதே இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, பிறந்தநாள் மெழுகுவத்தியைப் பார்த்தாலே பின்னால் போகிறவள். அவளுக்குத் தகட்டால் உரசிப் பொறி வரவைக்கும் உரசுகம்பி கொடுத்தோம். முதலில் முடியைக் கட்ட வேண்டும், ஸ்கார்ஃபைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் வாளியில் தண்ணீர் வைக்க வேண்டும், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார வேண்டும், சட்டென்று எழுந்துகொள்ள வசதியாக. தகரத் தட்டில் பஞ்சைப் பிய்த்துப் பரப்பி, கொஞ்சம் வாசலின் தடவி வைத்தோம். தகட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். எல்லோரும் தகட்டை முன்னால் தள்ளிப் பஞ்சைத் தட்டிவிட்டு விடுவார்கள். அவளும் தட்டிவிட்டாள். மறுபடி மறுபடி பொறுக்கி வைத்தாள். மற்ற பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிடப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. கடைசியில் பொறி விழுந்து பஞ்சு பிடித்துக்கொண்டதும் அவள் கத்தவும் இல்லை, குதிக்கவும் இல்லை. ஒவ்வொரு குச்சியாக எடுத்து, மெல்லியது முதலில், அப்புறம் பென்சில் கனம், என்று சொல்லிக்கொடுத்தபடியே வைத்தாள். மூக்கு நுனியில் கரி. அவள் அம்மா கூட்டிப்போக வந்தபோது சொன்ன ஒரே விஷயம், "நாம் ஒரு வாளி வாங்க வேண்டும்."

நம் பிள்ளைகளை நாம் நன்றாகத்தான் வளர்க்கிறோம், சித்தப்பா. ஆனால் ஊட்டிவிடுகிற வயது பத்து வரைக்கும் போகிறது. இங்குள்ள தமிழ்ப் பெற்றோர்களிடம் குழுவுக்கு வாருங்கள் என்றால், வெள்ளிக்கிழமை அபாகஸ் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது என்கிறார்கள். "இதுக்கு மார்க் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். உண்டு, பேட்ஜ் கொடுப்பார்கள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பேட்ஜைத் தைக்கப்போவது தான்தான் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

இப்போது முகாம். போனது எங்கே தெரியுமா? கில்வெல் பார்க்! எப்பிங் காட்டின் ஓரம். மக்லாரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொடுத்த பணத்தில் 1919இல் வாங்கிய இடம். சாரணத் தலைவர் பயிற்சி முடித்ததற்கு நீங்கள் வாங்கிய இமாலய வுட் பேட்ஜுக்கு மூலமான முதல் பயிற்சி அந்த வருஷம் செப்டம்பரில் நடந்தது அங்கேதான். நீங்கள் அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் அந்தப் பேட்ஜின் இரண்டு மர மணிகளையும், அதற்கு மூலமான ஜூலு மன்னர் தினிஜுலுவின் மாலைக் கதையையும் பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தியப் பையன்களைச் சேர்க்க மறுத்த காலத்தில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் சென்னையில் தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கியதையும் சொன்னேன். அகேலாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "அப்போது சாரணத்தைத் தொடங்கிய பேடன் பவல் என்ன செய்தார்?" என்று கேட்டாள். 1921இல் அவரே இந்தியாவுக்கு வந்து இணக்கம் பேச வேண்டியிருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் டீ கலக்கிக்கொண்டிருந்தாள்.

சமையல் என் பொறுப்பு. எலுமிச்சை சாதம் செய்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். அப்புறம் பிள்ளைகளின் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, இன்னொரு பிள்ளைக்குக் கடுகு ஆகாது. கடுகா என்று சிரிக்காதீர்கள், இந்த நாட்டுச் சட்டம் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. கடைசியில் கறிவேப்பிலையும் இஞ்சியும் மட்டும் போட்டு ஒரு மஞ்சள் சாதம் செய்தேன். சித்தி பார்த்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பாள். பிள்ளைகள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரவு கனலில் குச்சி முனையில் மாவைச் சுற்றிச் சுட்டார்கள், வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. அதையும் தின்றார்கள்.

தூக்கம்தான் பாடு. ஜூனில் இங்கே சூரியன் இரவு ஒன்பதேகாலுக்கு மேல்தான் மறைகிறது, விடிகாலை ஐந்துக்குள் எழுந்துவிடுகிறது. கூடாரத்துக்குள் வெளிச்சம் இருக்கும்போது எந்தப் பிள்ளை தூங்கும்? நள்ளிரவில் ஒரு பையன் வெளியே வந்து நின்றான். காட்டில் முண்ட்ஜாக் என்று ஒரு குட்டி மான், நாய் போலவே குரைக்கும், அது குரைத்துக்கொண்டிருந்தது. பயமா என்றேன். இல்லை, மணி என்ன என்று கேட்க வந்தேன் என்றான். தனியாக அவனோடு உட்காரக் கூடாதே, பகீராவை எழுப்பினேன். பாவம் மனிதர், கம்பளித் தொப்பியோடு கொட்டாவி விட்டபடி வந்தார். மூவரும் சமையல் கூடாரத்தின் கீழ் உட்கார்ந்து சூடாகச் சாக்லேட் பால் குடித்தோம். பையன் ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் மணி கேட்டான். பகீரா சளைக்காமல், அடுத்த ஸ்டாப் அறிவிப்பது போலவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரைக்குப் பையன் தானாகவே போய்ப் படுத்துவிட்டான். மறுநாள் நம் பையனிடம், "நான் ராத்திரி காவல் இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறான். இருக்கட்டும்.

இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. சீருடை நம் காசு. இவர், "ஆஸ்பத்திரியிலும் நிற்கிறாய், இங்கேயும் நிற்கிறாய்" என்று முணுமுணுக்கிறார். போன மாதம் கூடத்தின் கூரை ஒழுகுகிறது என்றதும் ஏணியோடு வந்து நின்றவரும் அவர்தான்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. செப்டம்பரில் புதுப் பருவம் தொடங்குகிறது. ஆண்டு விழாவுக்கு நீங்கள் பள்ளி வாசலில் ஆணியே இல்லாமல் கம்புகளைக் கயிற்றால் கட்டியே ஒரு நுழைவாயில் எழுப்புவீர்களே, நடுவில் கொடிக்கம்பத்தோடு? அதைப் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து இங்கே கட்டிப்பார்க்க ஆசை. இங்கே மூங்கில் கிடையாது, கிடைப்பது பைன் கம்பு, பத்தடி வரைக்கும். அளவு போட்டு ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். எந்த இடத்தில் எந்தக் கட்டு, ஒரு கட்டுக்கு எத்தனை முழம் கயிறு என்பதையும் எழுதுங்கள். தம்பியிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான். அடியில் நாலு காலையும் எவ்வளவு அகட்டி ஊன்றினால் காற்றுக்குத் தாங்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், அகேலா அதை வைத்துத்தான் ஆபத்துத் தாள் எழுத வேண்டும்.

சித்திக்கு என் அன்பு. குழந்தைகள் தாத்தாவுக்கு சல்யூட் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்