யூரியா மூட்டையோடு ஓர் அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புவி சூடாவதைப் பற்றி எங்கே படித்தாலும் கார், ஏசி, அனல் மின் நிலையம், கரியமில வாயு இவ்வளவுதான் வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடு என்றொரு வாயுவும் உண்டு, ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கப் பயன்படும் அதே சிரிப்பூட்டும் வாயுதான். எடைக்கு எடை வைத்தால் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றக் கூடியது, போதாததற்கு ஓசோன் படலத்தையும் அரிக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரிகளில் இருந்து வருவது கொஞ்சம்தான். மனிதர்களால் வெளியாவதில் முக்கால் பங்குக்கு அருகில் விவசாயத்தில் இருந்து, அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்திலும் மாட்டுச் சாணத்திலும் இருந்து வருகிறது. பயிர் எடுத்தது போக மண்ணில் மிஞ்சும் யூரியாவின் தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மாற்றும்போது இந்த வாயு கசிகிறது. சென்னைக்காரர்களும் தப்பிக்க முடியாது, நம் கழிவுநீரில் இருக்கும் அமோனியாவும் சுத்திகரிப்பு நிலையத்திலோ கூவத்திலோ இதே வழியில்தான் போகிறது. கூவத்தைத் தாண்டும்போது நாம் மூக்கைப் பொத்துவது கந்தக வாயுவுக்காக, நைட்ரஸ் ஆக்சைடு நாறாது, அதனால் யாரும் கண்டுகொள்வதும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து. அதில் 100-க்கு 1 பங்கு இப்படிப் போகும் என்பது பொதுவான கணக்கு (தண்ணீர் நிற்கும் நெல்வயலில் குறைவு). அதை வைத்தால் மூட்டைக்கு 300 கிராம் சொச்சம் வாயு, 90 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். என் ஸ்கூட்டருக்குச் சுமார் 40 லிட்டர் பெட்ரோல் போட்டு எரித்தால்தான் அவ்வளவு வரும்!

என் மைத்துனர் மதுராந்தகம் பக்கம் நெல் போடுகிறார். மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதனால் கை தாராளம். "மாமா, பயிர் கரும்பச்சையா நின்னாத்தான் மனசு ஆறும்" என்பார், அப்புறம் புகையான் பூச்சி வந்துவிட்டது என்று மருந்துக்குச் செலவழிப்பார். போன சம்பாவுக்கு இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பச்சை நிறத்தின் படிகள் வரிசையாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். வெயில் படாமல் உடம்பால் நிழல் காட்டி, புதிதாக முழுசா விரிந்த இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3-ஆம் படி, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4-ஆம் படி, பத்து இலை பார்த்து ஆறோ அதற்கு மேலோ அதைவிட வெளிறியிருந்தால்தான் மேலுரம். முதலில் சிரித்தார், ஆனால் ஒரு தடவை யூரியாவைத் தள்ளிப்போட்டார், மகசூல் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். நல்லதுதான், தண்ணீர் நிற்கும் வயலில் இருந்து வரும் மீத்தேன் என்ற இன்னொரு சூடேற்றும் வாயு குறையும். ஆனால் நிலம் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அப்போது யூரியாவையும் அளந்து போடாவிட்டால் பலனில் ஒரு பங்கு வீண். 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியது சரி, அது யூரியா மண்ணில் மாறுவதைத் தாமதப்படுத்தும், அளவைச் சொல்லித் தராது.

ஆகவே என் கோரிக்கை சின்னதுதான்: கூட்டுறவு சங்கத்தில் யூரியா வாங்கும் ஒவ்வொரு நெல் விவசாயிக்கும் அந்த அட்டை ஒன்றை இலவசமாகக் கொடுத்து, வயலில் வைத்து ஒரு தரம் காட்டியும் கொடுக்க வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை