வறட்சி தாங்கும் மரம்தான், ஆனால் முதலில் தண்ணீர் விடுங்கள்

மரப் பராமரிப்புப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் நீங்கள் நட்ட பர் ஓக் (வட அமெரிக்க ஓக் மர வகை) கன்றுகளில் காய்ந்துபோனவற்றை உங்கள் ஆட்கள் போன வாரம் பிடுங்கிப் போட்டார்கள். ஏன் தண்ணீரே விடவில்லை என்று கேட்டதற்கு, "அது வறட்சி தாங்கும் மரமாச்சே" என்று பதில் வந்தது.

பிடுங்கிய கன்றை நீங்களே பார்த்திருக்க வேண்டும். தாய்மண், அதாவது தொட்டியிலிருந்து வேரோடு வந்த மண்கட்டி, இன்னும் தொட்டி வடிவத்திலேயே இருந்தது. வேர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வளைந்து கிடந்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. குழியின் ஓரத்து மண்ணைக் கிள்ளினால் லேசாக ஈரம். தாய்மண்ணோ கையில் பொடிந்து உதிர்ந்தது. ஈரம் பக்கத்திலேயே இருந்தும் எட்டிக் குடிக்க வேர் இல்லை.

விழுந்த இடத்திலேயே விதை முளைத்தால், இந்த மரத்தின் ஆணிவேர் முதல் ஆண்டிலேயே ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். வறட்சியைத் தாங்குவது அந்த வேர். தொட்டிக் கன்றுக்கு அது கிடையாது, புதிதாக வேர் ஓடவேண்டும். தண்டு 2 அங்குலப் பருமன் என்றால் வேரூன்ற 2 ஆண்டாவது ஆகும் என்பது மரம் வளர்ப்பவர்களின் பழைய கணக்கு. உங்களுக்குத் தெரியாததா? அதுவரை தண்ணீர் விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். புல்லுக்குத் தெளிப்பது கணக்கில் சேராது. தாய்மண் ஊறும்படி, மெதுவாக, நிறைய ஊற்ற வேண்டும்.

நடுவிழா அன்று தண்ணீர் லாரி வந்தது. ஃபோட்டோகிராஃபரும் வந்தார். அப்புறம் இருவருமே இந்தப் பக்கம் வரவில்லை. படத்தில் கன்றுகள் இன்றும் பசுமையாகத்தான் இருக்கும். முட்டுக்குச்சியில் கட்டிய நைலான் நாடா, பிழைத்த கன்றுகளின் பட்டையை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதை அவிழ்க்கவும் ஒரு விழா வைக்க வேண்டுமோ என்னவோ.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்பது இவ்வளவுதான்: இலையோடு நிற்கும் கன்றுகளுக்கு இந்த வாரமே தண்ணீர் விடுங்கள், அந்த நாடாக்களை அவிழ்த்துவிடுங்கள். காலிக் குழிகளில் மறுபடி நடும்போது சுற்றிய வேர்களை வெட்டிவிட்டு நடுங்கள். அடுத்த இரண்டு மூன்று கோடைக்கு யார், எந்தக் கிழமை தண்ணீர் விடுவார் என்பதை எழுத்தில் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
தெருவாசி ஒருவர்