மூன்று தெருக்களின் ‘திருப்பணி’: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள குடியிருப்போர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சென்னை மடிப்பாக்கத்தில் நம் மூன்று தெருக்களுக்கான மழைநீர் வடிகால் பணியும் சாலைப் பணியும் முடிந்துவிட்டன. வாட்ஸப் குழுவுக்கு யாரோ விளையாட்டாக ‘திருப்பணி’ என்று பெயர் வைக்க, அதுவே ஒட்டிக்கொண்டது. கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்டவர்களுக்கு ஒரு தகவல்: ஐப்பசியின் முதல் கனமழையில் அது நடந்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் கையெழுத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும் என்றதும் பொதுக்குழுவில் எழுந்த சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பணம் சேர்ந்துவிட்டது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதில்லை. வேண்டுபவர்கள் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம்.

சங்க அலுவலக மேசையில் ஒரு கருப்புக் கட்டி இருக்கிறது. பேப்பர் வெயிட் என்று நினைத்துத் தூக்கியவர்கள் திணறியிருப்பீர்கள். முதல் தெருவில் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் ஓடுவதற்கு முன் வெட்டியெடுத்த பழைய சாலைத் துண்டு அது. உயரம் ஏறத்தாழ ஒரு சாண். பக்கவாட்டில் பார்த்தால் ஐந்து அடுக்கு தெரியும். அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் வெளுத்த தார், நடுவே செம்மண் கோடு ஒன்று, அதற்கும் மேலே மீண்டும் தார். ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டியதற்குச் சாட்சி அந்தக் கட்டி. அப்படி உயர்த்திப் போடக் கேட்டு வாங்கியதும் நாம்தான். “நல்லா உயர்த்திப் போடுங்க சார், தண்ணி நிக்கக் கூடாது” என்று இதே சங்கம் மனு கொடுத்திருக்கிறது. நகல் கோப்பில் இருக்கிறது.

சாலை உயர உயர, மழைநீர் வீட்டுக்குள் இறங்கியது. வசதியுள்ளவர்கள் தரையை உயர்த்திக் கட்டினார்கள். முடியாதவர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். இரண்டாவது தெருவின் பழைய ஓட்டு வீட்டுக்கு ஒரு காலத்தில் தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். போன வருடம் வரை ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. சாலையைச் சுரண்டியபோது, புதைந்து கிடந்த முதல் படி வெளியே வந்தது. அந்த வீட்டுப் பாட்டி அன்று மாலையே அதைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டார்.

2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினோம்.

வேலையின் வரிசையிலும் இந்த முறை பிடிவாதமாக இருந்தோம்: முதலில் வடிகால், பிறகு சாலை. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியா என்று பார்க்கக் கொத்தனார் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெருக்கோடியில் எங்கள் பொருளாளர் கையில் கொடுத்தார். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் குறி போட்டுக்கொண்டே வந்தார். நான்காவது வீட்டருகே கால்வாயின் தரை எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. கான்கிரீட் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒப்பந்ததாரர் முகம் சுளித்தாலும் உடைத்துத் திருத்திக் கொடுத்தார். சாலைக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் வாட்டம், நடுவிலிருந்து இரு ஓரமும். இது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தாரும் தாங்காது. தேங்கிய நீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே புகுந்து பிடிப்பை விடுவிக்கும். அப்புறம் ஒரு லாரி ஏறினால் போதும், பள்ளம்தான்.

ஒரு சங்கடமான செய்தி. தோண்டும்போது, செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதற்காகப் பழைய கால்வாயில் ரகசியமாகச் சொருகிய குழாய்கள் ஏழு அகப்பட்டன. ஏழும் உறுப்பினர் வீடுகள். அதில் ஒன்று செயற்குழு உறுப்பினருடையது. எல்லாவற்றையும் அடைத்தாகிவிட்டது. பெயர்களை எழுதவில்லை, எழுதவும் மாட்டோம். மீண்டும் சொருகினால் எழுதுவோம்.

இன்னொன்று, தார் போட்டு மூன்று வாரம் ஆவதற்குள் மூன்றாவது தெருவில் கேபிளுக்காக ஒரு துறை குறுக்கே வெட்டியது. மூடிக் கொடுத்தார்கள். அந்த ஒட்டு தழும்பு போலத் தெரிகிறது, அடுத்த மழையில் அமுங்கலாம். கண் வைத்திருக்கிறோம்.

இனி அந்த மழை. இரவு பத்தரைக்குப் பிடித்து விடிய விடிய கொட்டியது. குடையும் டார்ச்சுமாக நாலு பேர் டீக்கடை முனையில் நின்றோம். கம்பி மூடியருகே தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிய சத்தம் இருக்கிறதே, கேட்க வேண்டும்! காலையில் மூன்று தெருவிலும் செருப்போடு நடந்தோம். மூன்றாவது தெரு முனை வீட்டு வாசலில் மட்டும் ஒரு குட்டை நின்றது. அது எங்கள் தவறு. அந்த வீட்டுக் கார் ஏறும் சரிவைக் குறைக்கச் சொல்லியிருக்க வேண்டும், தாட்சண்யம் பார்த்துவிட்டோம்.

இதை வைத்து 2015 டிசம்பர் வெள்ளம் திரும்பாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அவ்வளவையும் தெருக் கால்வாய் விழுங்காது. நம் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலைத் தேட வேண்டும். அங்கே நிறைந்திருந்தால் இங்கே காத்திருக்கத்தான் வேண்டும். 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்புநிலம்தான் நம் உண்மையான வடிகால்.

ஒரு சின்னக் கணக்கு: ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர். சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு பெரிய லாரித் தண்ணீர். 2003ல் எல்லோரும் கட்டாயமாகக் கட்டிய மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளை இப்போது திறந்து பார்த்தால் பாதியில் சருகும் சேறும்தான். அதைச் சுத்தம் செய்தால் கால்வாய்க்கும் பாரம் குறையும்.

வடிகாலில் கட்டியுள்ள வண்டல் தொட்டிகளை ஆவணியில் ஒருமுறை, தீபாவளிக்கு முன் ஒருமுறை தூர் வார வேண்டும். தூர் வாரும் வேலைக்கு முறையாக மனு கொடுத்து இயந்திரம்தான் வரவழைக்க வேண்டும். யாரையும் உள்ளே இறக்கக் கூடாது, சட்டப்படியும் குற்றம். மூடி திறக்கும் கொக்கிகள் இரண்டு உள்ளன. ஒன்று சங்க அலுவலகத்தில், மற்றொன்று டீக்கடையில். எடுப்பவர்கள் பலகையில் கையெழுத்திட்டுத் திருப்பி வைக்கவும். ஏற்கெனவே ஒன்று காணாமல் போய், தேங்காய் உரிக்கும் இடத்தில் கண்டெடுத்தோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்