நம் கடை ஆப் எதைக் குறித்துக்கொள்கிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, காரைக்குடி பலகாரக் கடையிலிருந்து வணக்கம்.

"உங்க ஆப்பில் மணகோலம் பார்த்தேன், அப்புறம் எதைத் திறந்தாலும் பலகார விளம்பரமா வருதே, நீங்கதான் சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று ஆச்சிமார் சிலர் கேட்டார்கள். நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் ஆப்பில் நீங்கள் செய்வதில் சிலவற்றை நாங்களும் குறித்துக்கொள்கிறோம். அது என்ன, எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பலகாரத்தைப் பார்த்தீர்கள், கூடையில் என்ன போட்டீர்கள், எந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்பவைதான் அவை. இதனால் எங்களுக்கு வியாபாரம் கூடுகிறது. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கூடையில் போட்டு, முகவரி எழுதி, பின்கோடும் அடித்த பலர் அடுத்த பக்கத்தில் வாங்காமலே போய்விடுவது அந்தக் கணக்கில்தான் தெரிந்தது. அப்போதெல்லாம் கூரியர் கட்டணம் அங்கேதான் முதலில் கண்ணில் படும். இப்போது ஊர்ப் பெயரைப் போட்டதுமே விலைக்குப் பக்கத்தில் கட்டணமும் வந்துவிடுகிறது. பாதியில் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளையார் நோன்புக்கு எந்த ஊருக்கு எது அதிகம் போகும் என்பதையும் இப்படித்தான் பார்த்து மாவு அரைக்கிறோம்.

விளம்பரக் கதை வேறு, அது மற்ற ஆப்கள் வழியாக வருவது. ஒவ்வொரு போனுக்கும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல், அதாவது சின்ன புரோகிராம், பல ஆப்களுக்குள் இருக்கும். இந்த எண்ணை வைத்து அங்கங்கே நீங்கள் செய்ததை அது ஒன்றுசேர்க்கும். நீங்கள் திரையைத் திறந்ததும், கண்மூடித் திறப்பதற்குள் அதில் உள்ள விளம்பர இடம் விளம்பரம் கொடுப்பவர்களிடையே ஏலத்துக்குப் போகும். உங்களைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு விலை ஏறும். இலவச ஆப்கள் பலவற்றுக்கு இதுதான் வருமானம். அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

நம் ஆப்பிலும் அந்த நிரலைச் சேர்க்கச் சொல்லி விளம்பர நிறுவனத்தார் எங்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சீர்ப் பலகாரம் ஆர்டர் வந்தாலே அந்த வீட்டில் கல்யாணம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பத்திரிகை வைப்பதற்கு முன்பே நகைக்கடைக்காரருக்கும் கடன் கொடுப்பவருக்கும் அது போய்ச் சேர்வதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

மற்ற ஆப்களுக்கு நீங்களே ஒன்று செய்யலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் கூகுள் பகுதிக்குள் 'ஆட்ஸ்' இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். அப்புறம் எந்த ஆப் கேட்டாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான் போகும். ஐபோனில் 2021 ஏப்ரலிலிருந்து, மற்ற நிறுவனங்களின் ஆப்களிலும் இணையதளங்களிலும் உங்களைப் பின்தொடர விரும்பும் ஆப் முதலில் அனுமதி கேட்க வேண்டும், மறுத்துவிடலாம். விளம்பரம் வருவது நிற்காது, உங்களைக் குறிவைத்து வருவது குறையும்.

நாங்கள் குறித்துக்கொள்வதும் வேண்டாம் என்றால் சரி, 'என் கணக்கு' பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். பழைய குறிப்புகளை அழிக்க ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். ஆர்டர் எப்போதும்போல வந்து சேரும்.

அன்புடன்,
கடையார், காரைக்குடி