இதில் மலை எங்கேடா?

அன்புள்ள அக்கா,

ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிப்பது) அனுப்பியதும், "மலைப் படம் பார்த்து எழுதியதுன்னியே, இதில் மலை எங்கேடா?" என்று கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

படம் ஜோவான்னி செகந்தீனியுடையது. ஆல்ப்ஸிலேயே வாழ்ந்து வரைந்தவர். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக உருவாதல், இருத்தல், மறைதல் என மூன்று பெரிய படங்களைத் தொடங்கினார். நடுப்படத்தை முடிக்க 1899 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பொன்ட்ரெசீனா ஊருக்கு மேலே ஷாஃப்பெர்க் மலையேறியவர், வயிற்று நோய் கண்டு அங்கேயே இறந்துபோனார். வயது 41தான்.

மூன்றாவது படத்தைப் பார். பனி மூடிய விடியல். வீட்டுக்குள்ளிருந்து ஒரு சடலத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். சறுக்குவண்டியில் பூட்டிய குதிரை காத்து நிற்கிறது. மேலே ஒளியேறிய பெரிய மேகம். கிட்டப் போய்ப் பார்த்தால் எதுவும் குழைத்துப் பூசியதல்ல. நூல் நூலாக இழுத்த கோடுகள், ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொன்று. கலப்பது நம் கண்தான். தூரிகை பிடிக்கிற உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1904 நவம்பரில் 20 வயது வெபர்ன் தன் நாட்குறிப்பில் ஏங்குகிறார்: ஓவியத்துக்கு செகந்தீனி போல இசைக்கும் ஒருவர் வேண்டும், உலக இரைச்சலை விட்டு விலகி, பனியாறுகளைப் பார்த்தபடி தனிமையில் எழுதுகிறவர். அந்த இலையுதிர் காலத்தில்தான் இசையமைப்பாளர் ஷோன்பெர்கிடம் பாடம் கேட்கத் தொடங்கியிருந்தார். அடுத்த கோடையில், ஆஸ்திரியாவின் கரிந்தியாவில் இருந்த குடும்பப் பண்ணை வீட்டில், வேறொருவருக்காகக் காத்திராமல் அவரே இந்தக் குவார்ட்டெட்டை எழுதிவிட்டார். இடைவெளியில்லாத ஒரே பகுதி, ஏறக்குறைய கால் மணி நேரம்.

தொடக்கத்தில் வரும் மூன்று ஸ்வரங்களைப் பிடித்துக்கொள். அரை ஸ்வரம் இறங்கி, பிறகு மேலே தாவும். அதுவே வயோலாவில் வரும், செல்லோவில் வரும், தலைகீழாக வரும், நீளும், நொறுங்கும். எனக்கு இதுதான் செகந்தீனியின் கோடு. சிகரத்தையோ காற்றின் ஊளையையோ வெபர்ன் இசையில் காட்டவில்லை. சின்னச் சின்ன இழைகளை அடுக்கி ஒரு பெரிய வெளிச்சத்தை எழுப்பும் முறையைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதனால்தான் மலையைத் தேடினால் அகப்படுவதில்லை.

இந்த இசை முதன்முதலில் மேடையேறியது 1962இல், சியாட்டிலில். வெபர்ன் இறந்து அப்போது கிட்டத்தட்ட 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, அந்த மூன்றாவது படத்தை எதிரே திறந்து வைத்து, கடைசி சில நிமிடங்களை மட்டுமாவது கேள். எல்லாம் அடங்கி ஓய்கிற இடத்தில் அந்த மேகத்தைப் பார். பிறகு போன் பண்ணு.

அன்புடன்,
தம்பி