வீட்டுச் சிரிப்புக்கு ஒரு பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தாத்தா பைண்டு செய்து வைத்திருந்த பழைய வார இதழ்களைச் சென்ற வாரம் தூசி தட்டியபோது, தொடர்கதைகளைவிட ஓரங்களில் இருந்த நகைச்சுவைத் துணுக்குகளே என்னை நெடுநேரம் உட்கார வைத்தன. எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை ஏற்ற பிறகு, ஓவியர் மாலியின் கோடுகளிலும் பின்னர் ஓவியர் கோபுலுவின் கோடுகளிலும் மாமியார், மருமகள், மாப்பிள்ளை, வைத்தியர் என்று நம் வீட்டு மனிதர்களே உலவினார்கள்; கோபுலுவோ ஒரு சொல்லும் இன்றியே சிரிக்க வைத்தார்.

அதே காலத்து வாசனை எங்கள் பாட்டியின் பேச்சிலும் உண்டு. “தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பொங்கல் முடிந்துதான் கிளம்புவாராம்” என்று மாமியார் பூரிக்க, கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “எந்த வருஷப் பொங்கல் என்று கேட்டாயா?” என்றாராம் மாமனார். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

மனைவியை மட்டம் தட்டும் துணுக்குகளும் அக்காலத்தில் ஏராளம். அவை மீண்டும் வரவேண்டியதில்லை. ஆனால் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் இத்தகைய வீட்டு நிகழ்ச்சிகளை வாசகர்களிடமிருந்து பெற்று, ஓவியர் ஒருவரின் படத்துடன் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பத்தியாவது வெளியிட வேண்டுகிறேன். பாட்டி சொன்னவற்றில் எனக்கு நினைவிருக்கும் பன்னிரண்டை எழுதி அனுப்பவும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்